ரேடியோகிராபருக்குத் தமிழில் என்ன பெயர்?

அன்புள்ள குழுமத்தாருக்கு,

மலையகப் பாடசாலைகளில் உயர்தர உயிரியல் பிரிவில் படிக்கும் மாணவர்களுக்காக, எக்ஸ்ரே, ஸ்கேன் போன்றவற்றால் உடலின் உட்பகுதியைப் படமெடுக்கும் ரேடியோகிராபிப் படிப்பைப் பற்றித் தமிழில் ஒரு சிறு கைநூல் எழுதும் பொறுப்பு எனக்கும் என்னுடன் பணியாற்றும் இருவருக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நான்காண்டுப் பட்டப்படிப்பாகவும், கொழும்பில் சுகாதார அமைச்சின் பயிற்சிப் பாடசாலையில் டிப்ளோமாவாகவும் இது கற்பிக்கப்படுகிறது என்பதை ஒரு பக்கத்தில் எழுதி முடித்துவிட்டோம். படித்து வெளிவருபவரை எந்தப் பெயரால் அழைப்பது என்பதில்தான் மூன்று மாதமாக நிற்கிறோம்.

பணிப்புறக்கணிப்புச் செய்திகளில் நம் பத்திரிகைகள் ரேடியோகிராபர்களான எங்களைக் ‘கதிரியக்கத் தொழில்நுட்பவியலாளர்’ என்று எழுதுகின்றன. இந்தச் சொல்லை முதலில் நீக்க வேண்டும் என்பது என் கருத்து. நீளத்துக்காக அல்ல, பிழை என்பதற்காக. கதிரியக்கம் என்பது சில அணுக்களின் கரு தானாகவே சிதைந்து கதிர்களை வெளிவிடும் இயல்பு. எக்ஸ்ரே இயந்திரத்தில் அப்படி எதுவும் இல்லை. எக்ஸ்ரே குழாயின் ஒரு முனையான கதோட்டிலிருந்து புறப்படும் இலத்திரன்கள் உயர் மின்னழுத்தத்தால் விரைந்து சென்று மறுமுனையான அனோட்டில் மோதும்போது, அவற்றின் சக்தியில் ஏறத்தாழ 99 வீதம் வெப்பமாகிப் போக, மிஞ்சிய ஒரு வீதமளவே எக்ஸ் கதிராகிறது. ஆளியிலிருந்து விரலை எடுத்தால் கதிரும் நின்றுவிடும். விளக்கை அணைத்த பிறகு வெளிச்சம் சுவரில் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை அல்லவா, அதைப் போலத்தான்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று என்பதை ஒரு சம்பவத்தால் விளக்குகிறேன். நான் முன்பு பணியாற்றிய ஒரு வைத்தியசாலையில், மணிக்கட்டு முறிந்த தன் மகனைத் தோட்டத்திலிருந்து ஒரு தாய் அழைத்து வந்திருந்தார். கதவின் மேலிருந்த ‘கதிரியக்கப் பிரிவு’ என்ற பலகையைப் பையன் எழுத்துக் கூட்டி வாசித்து, யப்பானில் அணு உலை வெடித்ததைப் பற்றித் தொலைக்காட்சியில் சொன்னார்களே, அதே சொல்தான் இது என்று தாய்க்கு விளக்கமும் கொடுத்துவிட்டான். அவர் வாசலிலிருந்த வாங்கில் உட்கார மறுத்து, தாழ்வாரத்தின் மறுகோடியில் போய் நின்றார். படமெடுத்து முடிந்ததும் என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்: “ஐயா, வீட்டுக்குப் போயி இதுக்குத் தலை முழுவணுங்களா? உடுப்பைத் தனியா வைக்கணுமா?” தீட்டுக்குத் தலை முழுகுவதைப் போல அவர் எக்ஸ்ரேக்கும் தலை முழுகத் தயாராக இருந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் நாங்கள் மாட்டிய பலகையை நம்பியே அவர் அப்படிக் கேட்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இலங்கைப் பாடநூல்களில் இந்தக் குழப்பம் கிடையாது. நாம் பள்ளியில் படித்தது ‘கதிர்த்தொழிற்பாடு’ என்ற சொல். கதிரியக்கம் என்பது தமிழகத்து வழக்கு. பிற்காலத்தில் ஊடகங்களின் வழியே வந்த அந்தச் சொல் எல்லாக் கதிருக்கும் பொதுப்பெயராகிவிட்டது. சிங்களத்தில்கூட எங்களுக்கு ‘விகிரண சில்பி’ என்றுதான் பெயர். விகிரணம் என்றால் கதிர்வீச்சு, கதிர்த்தொழிற்பாட்டுக்கு அங்கே வேறு சொல் இருக்கிறது. மேலும், இத்துறையின் மறுபாதியான புற்றுநோய்க் கதிர்ச் சிகிச்சையில் கோபால்ற்று 60 போன்ற மெய்யான கதிர்த்தொழிற்பாட்டுப் பொருள்கள் பயன்படுகின்றன. அங்கே எச்சரிக்கையாக நிற்க வேண்டிய சொல்லை மணிக்கட்டு எக்ஸ்ரேக்குச் செலவழித்துவிட்டால், அந்தக் கதவில் எதை எழுதுவது?

இனி, குழுமத்தில் முன்வைக்கப்பட்ட சொற்களுக்கு வருகிறேன். ‘கதிர்ப்படப்பிடிப்பாளர்’ என்பது புகைப்படப்பிடிப்பாளரை ஒட்டி அமைந்த, குற்றமற்ற சொல். ஆனால் அதைக் கேட்கும் மாணவர், பொத்தானை அழுத்துவதே இந்த வேலை என்று எண்ணுவார். ஒரு நெஞ்சுப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளியின் மார்பு படம் பதியும் தட்டில் படிய, கதிர் முதுகுப் பக்கத்திலிருந்து வர, குழாய்க்கும் தட்டுக்கும் இடையே 180 சென்ரிமீற்றர் இருக்க வேண்டும். தூரம் குறைந்தால் இதயம் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். தோள்களை முன்னே தள்ளச் சொல்லாவிட்டால் தோட்பட்டை எலும்புகள் நுரையீரலின் மேல் நிழலாக விழும். கூடை சுமந்து கூன் விழுந்த ஒரு மூதாட்டிக்குத் தோளை முன்னே தள்ளவும் முடியாது, மோவாயைத் தட்டின் மேல் வைக்கவும் முடியாது; அவருக்கென்று வேறு வழி பார்க்க வேண்டும். இத்தனையும் பிடிப்பில் அடங்காது.

‘கதிர்ப்படவரைஞர்’ அழகான சொல்தான், ஆனால் படவரைஞர் என்று அரசாங்கத்தில் ஏற்கெனவே ஒரு பதவி இருப்பதால் நியமனக் கடிதங்களில் குழப்பம் வரும். ‘படிமவியலாளர்’ என்பதைக் கவிஞர்களுக்கே விட்டுவிடலாம். நம் பௌதிகவியலில் கண்ணாடியில் தெரிவது விம்பம், படிமம் அன்று. தவிர, வைத்தியசாலையில் படிமத்தையும் நிரப்பிக் கொடுக்க வேண்டிய படிவத்தையும் காதால் பிரித்தறிவது கடினம்.

ஆகவே எக்ஸ் கதிரால் எடுப்பது கதிர்ப்படம், அந்தக் கல்வி கதிர்ப்படவியல், அதைக் கற்றவர் கதிர்ப்படவியலர் என்று கொள்ளலாம் என முன்மொழிகிறேன். படத்தைப் பார்த்து நோயைக் கூறும் மருத்துவரின் பெயரில் ‘வைத்திய நிபுணர்’ என்ற பகுதி எப்படியும் வருவதால் இருவரும் கலந்துவிட மாட்டார்கள்.

சிக்கல் இதற்கு அப்பால்தான் இருக்கிறது. எம்.ஆர்.ஐ. காந்தப்புலத்தாலும் வானொலி அலைகளாலும் இயங்குவது. கழியொலி (அல்ட்ராசவுண்ட்) ஸ்கேனில் இருப்பது ஒலி. இவற்றைக் கதிர்ப்படம் என்றால் நான் மேலே கண்டித்த பிழையையே நானும் செய்தவனாவேன். எல்லாவற்றையும் தழுவும் ஒரு சொல்லுக்காக முதலில் ‘உட்படம்’ என்று எழுதிப் பார்த்தோம். ‘உட்படவியல்’ என்று நீட்டியவுடனே, எதுவெல்லாம் உட்பட என்று ஒருவர் கேட்டுவிட்டார். ‘அகப்படம்’ என்று மாற்றினோம். ‘அகப்படத்துறை’ என்பது யாரோ களவில் அகப்பட்டதைப் போல ஒலித்தது. இறுதியில் ‘ஊடுபடம்’ என்ற சொல்லில் நிற்கிறோம். எக்ஸ் கதிருக்கு ஊடுகதிர் என்ற சொல் பலருக்குப் பழக்கம். தேயிலைக்கிடையே மிளகை ஊடுபயிராக நடுவதும் இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஊடுபடவியல், ஊடுபடத் தொழில்நுட்பவியலாளர் என்று அது விரிந்தும் கொடுக்கிறது. குழுமத்தாரின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஹற்றனிலிருந்து ஓர் உறுப்பினர்

*

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

கதிரியக்கத்தை நீக்குவது பற்றி எனக்கு மறுப்பில்லை. மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த சாமுவேல் கிறீன் 1884இல் காலமானார். ஜேர்மனியின் வூர்ஸ்பேர்க்கில் ரொண்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டதோ 1895 நவம்பரில். 11 ஆண்டு வித்தியாசத்தில் நமக்கு ஒரு நல்ல சொல் தவறிப்போயிற்று என்று நான் நினைப்பதுண்டு.

ஊடுபடத்தில் எனக்கு இரண்டு ஐயங்கள். கழியொலி உடலை ஊடுருவி மறுபக்கம் போவதில்லை, எதிரொலித்துத் திரும்புகிறது. அதை ஊடு என்பது பொருந்துமா? மற்றது, ‘ஊடுப்படம்’ என்று ஒற்று மிக வேண்டாமா? மாணவர் கைக்குப் போகும் நூலாகையால் கேட்கிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியர்

*

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயாவுக்கு,

ஒற்றைப் பொறுத்தவரை ஊடுகதிரும் ஊடுபயிரும் எனக்குத் துணை. இரண்டிலும் வல்லினம் மிகவில்லை. நிலைத்துவிட்ட அந்த வழக்கோடு சேர்ந்து நடப்பதே நல்லது என்று தோன்றுகிறது. முதல் ஐயம் வலுவானது. எனினும் ஊடு என்பதற்குக் கடந்து போதல் என்ற பொருளோடு உள், இடை என்ற பொருள்களும் உண்டு. மிளகுக்கொடி தேயிலையைத் துளைத்துக்கொண்டு போவதில்லை, அதனிடையே நிற்கிறது. கழியொலியும் உடலின் இடையே போய்த்தான் செய்தி கொண்டுவருகிறது. இவ்வளவு நெகிழ்ச்சியை ஒரு கலைச்சொல்லுக்கு அனுமதிக்கலாம் என்று கருதுகிறேன். எக்ஸ் என்ற எழுத்தே ‘இன்னதென்று தெரியாதது’ என்பதற்கு ரொண்ட்கன் இட்ட அடையாளம்தான், தெரிந்த பிறகும் பல மொழிகளில் அதுவே நிலைத்துவிட்டது.

ஆனால் எல்லாவற்றுக்கும் புதுச்சொல் தேடும் எண்ணம் எங்களுக்கு இல்லை. நெஞ்சுப் படத்துக்கு நோயாளி மூச்சை நிறைய இழுத்து அடக்க வேண்டும். அதற்குக் கைநூலின் முதல் வரைவில் ‘உட்சுவாச நிறுத்தம்’ என்று எழுதியிருந்தோம். அறைக்குள் அந்தச் சொல் எதற்கும் உதவாது. “தம் கட்டுங்க” என்றால், கொழுந்து மூட்டையுடன் மேடேறிப் பழகிய எவரும் அந்தக் கணமே நெஞ்சை நிறைத்து அசையாமல் நிற்கிறார். சிங்களம் பேசும் என் சக ஊழியர்களும் முதலில் கற்றுக்கொள்ளும் தமிழ் இதுதான். எனவே கைநூலில் ‘தம் கட்டல்’ என்றே அச்சிடப் போகிறோம். கொச்சை என்று எவரேனும் கருதினால் தெரிவியுங்கள், கேட்டுக்கொள்கிறோம், மாற்ற மாட்டோம்.

கதிர்ப்படவியலர் என்ற சொல்லை முதற்பக்கத்தில் ரேடியோகிராபர் என்பதற்குப் பக்கத்திலேயே வைத்து, அடுத்த பக்கங்களில் தனியாகப் பயன்படுத்துவோம். விண்ணப்பப் படிவத்தில் பிள்ளைகள் காணப்போவது பழைய சொல்லாக இருக்கலாம் என்பதால் இந்த ஏற்பாடு. மூன்று மொழிப் பலகையை மாற்றும் அதிகாரம் எங்களுக்கு இல்லை. கதவில் நாங்களே ஒட்டும் தாளில் மட்டும் இப்போது ‘எக்ஸ்ரே அறை’ என்று எழுதியிருக்கிறோம்.

அடுத்து ‘பொசிஷனிங்’ என்பதற்கு ஒரு சொல் தேவைப்படுகிறது. கிடத்தல் என்றால் நிற்பவருக்குப் பொருந்தவில்லை. நிலைப்படுத்தல் என்றால் இயந்திரத்தைச் சொல்வது போலிருக்கிறது. நோயாளியைத் தொட்டு, திருப்பி, கையை எங்கே வைப்பது என்று காட்டும் வேலை அது. ஆசிரியர் ஐயா முதலில் ஒன்று சொன்னால் அங்கிருந்து தொடங்கலாம்.

ஹற்றனிலிருந்து, அதே உறுப்பினர்