ரத்தான பிரிவில் என் மேல் ஒரு புகார்

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ, இணையத்தில் பிறருக்கு எரிச்சலூட்டும்படி எழுதினால் சிறை என்ற பிரிவு. தான் ரத்து செய்த அந்தப் பிரிவில் இன்னமும் வழக்குப் போடுகிறார்களா என்று 2021இல் உச்ச நீதிமன்றம் அதிர்ந்துபோனது. செய்தியைப் படித்த எனக்கு அதிர்ச்சி வரவில்லை. 2018இலேயே பார்த்தாயிற்று.

எங்கள் பகுதி மேல்நிலைத் தொட்டியில் பாசி மிதப்பதைப் படம் எடுத்து முகநூலில் போட்டிருந்தேன். கூடவே, "பொறுப்பில் இருப்பவர் வீட்டில் கேன் தண்ணீர்தான் போல" என்று ஒரு வரி. மூன்றாம் நாள் போன். "சின்ன என்கொயரிதான் சார், வந்துட்டுப் போங்க."

ஸ்டேஷன் பெஞ்சில் ஒன்றரை மணி நேரம். அப்புறம் எழுத்தர் புகார் மனுவைக் காட்டினார். மேலே பச்சை மையில் '66ஏ'. "மூணு வருஷம் வரைக்கும் உள்ள போடலாம். பதிவை அழிச்சிட்டு மன்னிப்பு எழுதிக் கொடுத்துடுங்க." உண்மையைச் சொல்கிறேன், அழிக்கத்தான் போனை எடுத்தேன். என்னவோ தோன்றி, வக்கீலாக இருக்கும் மைத்துனரைக் கூப்பிட்டேன்.

"எந்த செக்‌ஷன்? அது செத்துப்போன செக்‌ஷன் மாமா. எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க, வர்றேன்."

ஸ்ரேயா சிங்கல் வழக்கின் தீர்ப்போடு வந்தார். ஓர் இளம்பெண் போட்ட வழக்கு அது. மகாராஷ்டிரத்தின் பால்கரில் ஒரு முகநூல் பதிவுக்காக இரண்டு இளம்பெண்கள் கைதானதைப் பார்த்துப் போட்டது. 2015 மார்ச் 24 அன்று நீதிபதிகள் செலமேஸ்வரும் நாரிமனும் பிரிவை முழுசாகவே தூக்கிவிட்டார்கள். எரிச்சல், அசௌகரியம் என்றெல்லாம் அதில் இருந்த சொற்களுக்கு எல்லையே இல்லை. யாரை வேண்டுமானாலும் பிடிக்கலாம். தவறாகப் பயன்படுத்த மாட்டோம் என்று அரசுத் தரப்பு உறுதி கொடுத்திருக்கிறது. இந்த அரசின் உறுதி அடுத்து வரும் அரசைக் கட்டுப்படுத்தாது என்று நீதிபதிகள் அதை ஏற்கவில்லை. அந்தப் பத்தியை பெஞ்சிலேயே இரண்டு தடவை படித்தேன். அரசு கொடுத்த வாக்கை அரசின் முகத்துக்கு நேரே மறுக்க முடிகிற ஓர் இடம் இருக்கிறது என்பது அதுவரை எனக்கு வெறும் பாடப்புத்தகச் சமாச்சாரம்.

இன்ஸ்பெக்டர் கோடு போட்ட வரிகளை மட்டும் பார்த்தார். வருத்தம் எல்லாம் தெரிவிக்கவில்லை. "சரி, கிளம்புங்க."

வாசல் வரை வந்துவிட்டோம். எழுத்தர் பின்னாலேயே வந்தார்.

"சார், அந்தப் பேப்பரை வச்சிட்டுப் போறீங்களா? இதே செக்‌ஷன்ல இன்னும் ரெண்டு மனு கிடக்கு."