புதுப்பிப்பு: ரிமோட் படகின் மூக்குத் துள்ளல் நின்றுவிட்டது

என் 26 அங்குல, 'வி' வடிவ அடிப்பாகம் கொண்ட ரிமோட் படகு முழு வேகத்தில் மூக்கைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது, இடப்பக்கம் சாய்கிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"ட்ரிம் டேபைத் தொடாதே, முதலில் பேட்டரியை முன்னால் தள்ளு" என்ற அண்ணனின் யோசனைதான் பலித்தது. (ட்ரிம் டேப் என்பது படகின் பின்விளிம்பில் அடிப்பக்கம் இடமும் வலமும் இருக்கும் சிறு தகடு.) ஞாயிறு காலை, காற்று எழும்புவதற்குள் கன்னங்குறிச்சி மூக்கனேரியில் விட்டுப் பார்த்தேன். 2 செ.மீ. தள்ளியதுமே துள்ளல் பாதிக்கு மேல் அடங்கியது.

அப்புறம் படகைக் கவிழ்த்து, அடியில் ஸ்டீல் ஸ்கேலை ஒட்டவைத்தேன். வலது டேப் ஸ்கேலோடு ஒட்டி நின்றது. இடது டேபின் இடுக்கில் ஏடிஎம் கார்டே நுழைந்தது! அந்த டேப் மேல்நோக்கி வளைந்திருக்கிறது. அந்தப் பக்கம் தூக்குவிசை குறைந்து சாய்ந்திருக்கிறது. நான் புரொப்பல்லர் சுழலும்போது படகை ஒரு பக்கம் சாய்க்கும் முறுக்கு விசையைத்தான் சந்தேகப்பட்டிருந்தேன். இரண்டையும் அடிமட்டத்துக்குச் சமமாக்கி, மயிரிழை கீழே இறக்கினேன். சாய்வும் மிச்சத் துள்ளலும் போயின.

எதிர்பாராதது ஒன்று. இன்னும் நன்றாக இருக்குமே என்று 1 மி.மீ. வரை இறக்கினேன்; வேகம் குறைந்தது, திருப்பத்தில் மூக்கு தண்ணீரைக் குத்தியது. டேப் இறங்க இறங்கப் பின்பக்கம் தூக்கி மூக்கு அமுங்கும் என்பதைக் கண்ணால் பார்த்தேன். பழைய அளவுக்கே திருப்பிவிட்டேன்.