கரண்டுக்கு மட்டும் ஏன் ஆம்பியர் பெயர்?

கம்பிக்காரன்:
ஐடிஐ எலக்ட்ரீஷியன் முதல் வருடம் படிக்கிறேன். முதல் பேட்டரி செய்து கரண்டை ஓடவிட்டவர் வோல்ட்டா. அவர் பெயர் வோல்ட்டேஜுக்குப் போய்விட்டது. கரண்டுக்கு ஆம்பியர் எங்கிருந்து வந்தார்? இன்னொன்று, "முடிவில்லா நீளமுள்ள இரண்டு கம்பிகள், ஒரு மீட்டர் இடைவெளி, வெற்றிடம்" என்று புத்தகத்தில் வரையறை இருக்கிறது. முடிவில்லாத கம்பியை யார் கட்டி அளந்தார்கள்? வாத்தியாரிடம் கேட்டால் "எழுதிப் படி, மார்க் வரும்" என்கிறார்.

பழைய பிசிக்ஸ்:
1820ல் டென்மார்க்கின் ஓர்ஸ்டெட், கரண்ட் ஓடும் கம்பி பக்கத்தில் இருந்தால் திசைகாட்டி முள் திரும்புவதைக் கண்டு எழுதினார். செப்டம்பரில் பிரெஞ்சு விஞ்ஞானி அராகோ அதைப் பாரிஸ் அறிவியல் கழகத்தில் செய்து காட்டினார். ஆந்த்ரே மரீ ஆம்பியர் அதே மாதத்திலேயே ஒரு படி தாண்டினார். காந்தமே வேண்டாம், ஒரே திசையில் கரண்ட் ஓடும் இரண்டு கம்பிகள் ஒன்றையொன்று இழுக்கும், எதிர்த் திசை என்றால் தள்ளும் என்று காட்டினார். மின் அழுத்தம் வேறு, மின்னோட்டம் வேறு என்று பிரித்துச் சொன்னவரும் அவர்தான். என் கணக்கில் அவருக்கு அந்தப் பெயர் சேர வேண்டியதற்கு இந்தப் பிரிப்பு ஒன்றே போதும்.

அவர் இறந்தது 1836ல். பெயர் முடிவானது 1881ல், பாரிஸில் நடந்த சர்வதேச மின்னியல் மாநாட்டில். அதுவரை பிரிட்டனில் கரண்ட் அலகை, ஜெர்மன் விஞ்ஞானி வெபரின் பெயரால், வெபர் என்றார்கள். ஜெர்மனியிலும் ஒரு வெபர் இருந்தது, ஆனால் பத்து மடங்கு சின்னது. வம்பே வேண்டாம் என்று வெபரை எடுத்துவிட்டு ஆம்பியரை வைத்தார்கள். வெபர் பெயர் அப்புறம் காந்தப் பாயத்தின் (மேக்னெடிக் ஃப்ளக்ஸ்) அலகுக்குப் போனது.

முலாம்பட்டறை:
தம்பி, முடிவில்லாக் கம்பியை யாரும் கட்டவில்லை. அந்த வரையறைப்படி இரண்டு கம்பியிலும் ஒரு ஆம்பியர் ஓடினால், ஒரு மீட்டர் நீளத்துக்கு வரும் விசை ஒரு மில்லிகிராமில் ஐம்பதில் ஒரு பங்கு எடைதான். ஆய்வகத்தில் கம்பிச்சுருளைத் தராசில் தொங்கவிட்டுத்தான் அளந்தார்கள்.

ஆனால் அதற்கு முன்னால் இருந்த வரையறை எங்கள் தொழில் கணக்கு. கும்பகோணத்தில் பித்தளைச் சாமானுக்கு வெள்ளி முலாம் போடுகிறேன். 1893ல் சிகாகோ மாநாட்டில், சில்வர் நைட்ரேட் கரைசலில் நொடிக்கு 0.001118 கிராம் வெள்ளியைப் படியவைக்கும் கரண்ட்தான் ஒரு ஆம்பியர் என்று வைத்தார்கள். மணிக்கு 4.025 கிராம். என் தொட்டியில் 10 ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் 40 கிராம் ஏற வேண்டும். மீட்டர் மேல் சந்தேகம் வந்தால் ஒரு தகட்டை எடை போட்டுத் தொங்கவிடுவேன். எடுத்துக் கழுவி, காயவைத்து, மறுபடி எடை. நான் தராசு பக்கம்தான்.

அந்த எண்ணைக் கேம்பிரிட்ஜில் ரேலியும் எலினோர் சிட்ஜ்விக் அம்மையாரும் 1884ல் துல்லியமாக அளந்து கொடுத்தார்கள். பிளாட்டினக் கிண்ணத்தில் வெள்ளி படியும். மேலே இருக்கும் வெள்ளித் தகட்டிலிருந்து துகள் உதிர்ந்தால் எடை கெட்டுவிடும் என்று வடிதாளைச் சுற்றுவார்கள். நாங்கள் ஆனோடுக்கு, அதாவது கரைந்து கொடுக்கும் வெள்ளித் தகட்டுக்கு, துணிப்பை கட்டுவதும் அதற்குத்தான். நைட்ரேட்டில் வெள்ளி பொரபொரவென்று படியும், முலாமுக்கு ஆகாது. நாங்கள் ஓட்டுவது சயனைடு கரைசல்.

கம்பிக்காரன்:
ஐயா, இப்போதும் வெள்ளிதானா? அப்புறம், ஃபார்முலாவில் கரண்டுக்கு ஏன் ஐ போடுகிறோம்?

பழைய பிசிக்ஸ்:
பிரெஞ்சில் கரண்டின் அளவை "இன்டான்சித்தே" என்பார்கள், அதன் முதல் எழுத்து ஐ. வெள்ளி 1948ல் போனது, நீங்கள் படிக்கும் கம்பி வந்தது. 2019 மே 20 முதல் கம்பியும் இல்லை. எலக்ட்ரானின் மின்னூட்டத்தை 1.602176634×10⁻¹⁹ கூலும் என்று நிலையாக வைத்துவிட்டார்கள். கூலும் என்பது மின்னூட்டத்தின் அலகு. ஒரு ஆம்பியர் என்றால் நொடிக்கு ஒரு கூலும், அதாவது ஏறக்குறைய 6.24×10¹⁸ எலக்ட்ரான். பரீட்சையில் மட்டும் உங்கள் புத்தகத்தில் உள்ளதையே எழுதுங்கள்.

முலாம்பட்டறை:
செய்து பார்க்க ஆசை என்றால் வெள்ளி வேண்டாம் தம்பி, கட்டுப்படியாகாது. காப்பர் சல்ஃபேட் கரைசல், இரண்டு செம்புத் தகடு போதும். மணிக்கு 1 ஆம்பியருக்கு ஏறக்குறைய 1.19 கிராம் ஏறும். கரண்டைக் குறைவாக வை, இல்லாவிட்டால் செம்பு கருகிப் பொடியாக உதிரும்.