கிருபையோடு நிபந்தனையைச் சேர்க்கும் போதனையை எப்படிச் சோதித்தறிவது?

கேள்வி:
எங்கள் வேதபாட வகுப்புக்குப் புதிதாக வந்துள்ள போதகர் ஒருவர், ஓய்வுநாளையும் உணவு விதிகளையும் கைக்கொள்ளாதவர்களுக்கு இரட்சிப்பு இல்லை என்று வசனங்களை அடுக்கிப் போதிக்கிறார். இதை எப்படிச் சோதித்தறிவது?

பதில் 1:
இது புதிய வாதமன்று. விருத்தசேதனம் (ஆணின் நுனித்தோலை நீக்கும் யூதச் சடங்கு) பெறாவிட்டால் இரட்சிப்பில்லை என்று யூதேயாவிலிருந்து வந்த சிலர் அந்தியோகியாவில் போதித்தபோது, எருசலேமில் கூடிய அப்போஸ்தலரும் மூப்பரும் புறஜாதியார்மீது, அதாவது யூதரல்லாதார்மீது, அந்த நுகத்தைச் சுமத்த மறுத்தார்கள் (அப்போஸ்தலர் 15). புறஜாதியாரோடு பந்தியிருந்த பேதுருவே, விருத்தசேதனமுள்ளவர்களுக்குப் பயந்து விலகிக்கொண்டபோது, பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் கண்டித்ததைக் கலாத்தியர் 2-இல் வாசியுங்கள். பந்தியில் நிகழ்ந்த அந்த விலகலை, பவுல் சுவிசேஷத்தின் சத்தியத்துக்கே மாறானதாகக் கண்டார்.

பதில் 2:
ஒருவர் ஒரு நாளைக் கர்த்தருக்கென்று விசேஷித்துக்கொள்வதை ரோமர் 14 தடுக்கவில்லை. அதைக் கொண்டு பிறரைக் குற்றப்படுத்துவதைத்தான் கொலோசெயர் 2:16 ஏற்க மறுக்கிறது. கிருபையைக் காமவிகாரத்துக்கு ஏதுவாகப் புரட்டுவோரை யூதாவின் நிருபம் கடுமையாகச் சாடுகிறது என்பதால், கிருபையைச் சாக்காக்கிப் பாவம் செய்யும் மறுபக்கத்துப் பள்ளத்திலும் விழலாகாது.

கேள்வி கேட்டவர்:
அவரிடம் நேரில் எதைக் கேட்பது?

பதில் 1:
கிறிஸ்துவை மட்டும் நம்பி, இவ்விதிகளை அறியாமலே மரித்தவர் இரட்சிக்கப்பட்டவரா என்று கேளுங்கள். பெரோயா பட்டணத்தார் பவுலின் போதனையையே தினந்தோறும் வேதவாக்கியங்களைக் கொண்டு ஆராய்ந்தார்கள். ஆகவே இப்படிக் கேட்பது அவமரியாதையாகாது.