ஃபுளோரைடு அதிகமுள்ள ஊரில் 6 வயதுப் பையனுக்கு ஃபுளோரைடு வார்னிஷ் பூசலாமா? சீலன்ட் தேவையா?

பாலக்கோடு அப்பா

வணக்கம். தருமபுரி மாவட்டம், பாலக்கோடு பக்கம். மகனுக்கு 6 வயது, மகளுக்கு 2. மகனுக்குக் கீழ்த்தாடையில் இரண்டு பால் கடைவாய்ப்பற்களில் ஏற்கெனவே சொத்தை அடைத்தாயிற்று. இப்போது கடைசியில் புதுப் பற்கள் முளைக்கின்றன. கீழே வலது பக்கம் முழுதாக வந்துவிட்டது. இடது பக்கப் பல்லின் பின்பாதியை ஈறு மூடியிருக்கிறது. மேலே இரண்டும் இப்போதுதான் எட்டிப் பார்க்கின்றன.

பல் மருத்துவர் இரண்டு வேலை சொல்கிறார்: எல்லாப் பற்களுக்கும் ஃபுளோரைடு வார்னிஷ் என்ற பூச்சு, புதுப் பற்களின் பள்ளங்களை மூட சீலன்ட். வீட்டுப் பெரியவர்கள் ஒப்பவில்லை. இந்த மண்ணில் ஃபுளோரைடால்தான் பல் கறை பிடிக்கிறது, அதையே காசு கொடுத்துப் பூசுவதா என்பது ஒன்று. விழப்போகிற பல்லுக்கு எதற்கு இவ்வளவு என்பது இன்னொன்று.

வீட்டு போர் தண்ணீரைப் பரிசோதித்ததில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.8 மி.கி. குடிக்க ஆர்.ஓ. தண்ணீர், சமையலுக்கு போர் தண்ணீர். ஒகேனக்கல் தண்ணீர் தெருக்குழாயில் வருகிறது, தினமும் இல்லை. இந்த நிலையில் வார்னிஷ் பூசலாமா? சீலன்ட் எப்போது, எந்தப் பல்லுக்கு? ஃபுளோரைடு இல்லாத பேஸ்டுக்கு மாறிவிடலாமா?

குழந்தைப் பல் மருத்துவர்

முதலில் அந்தப் புதுப் பற்களைப் பற்றி. அவை விழப்போகிற பற்கள் இல்லை. ஆறு வயதில், கடைசிப் பால்பல்லுக்கும் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே முளைப்பது முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல். எதுவும் விழாததால்தான் பல பெற்றோர் அதையும் பால்பல் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். ஆயுசுக்கும் மெல்ல வேண்டிய பல் அது. பள்ளிப் பிள்ளைகளின் நிரந்தரப் பற்களில் அதிகம் சொத்தையாவதும் இதுதான்.

காரணம் அதன் மேற்பரப்பு. குழிகளும் பள்ளக்கோடுகளும் நிறைந்தது. சில கோடுகள் பிரஷ்ஷின் ஒற்றை நாரைவிடக் குறுகல், எப்படித் தேய்த்தாலும் அடி எட்டாது. போதாக்குறைக்கு, பல் முழுதாக எழும்பி எதிர்ப்பல்லைத் தொட ஒரு வருடம்கூட ஆகலாம். அதுவரை மற்றப் பற்களைவிடத் தாழ்ந்தே நிற்கும். சாதாரணமாகத் தேய்க்கும்போது பிரஷ் அதன் தலைக்கு மேலேயே போய்விடும்.

சீலன்ட் என்பது அந்தக் கோடுகளை மூடும் பிசின் பூச்சு. ஊசி இல்லை, துளைப்பது இல்லை. பல்லைத் துலக்கி, 37% பாஸ்பாரிக் அமில ஜெல்லை 15 முதல் 30 நொடி வைத்து, கழுவி, காற்றடித்து உலர்த்துவார்கள். உலர்ந்ததும் அந்த இடம் சுண்ணாம்பு போல் வெளுக்க வேண்டும். வெளுக்காவிட்டால் அமிலம் மறுபடி வைக்க வேண்டும். ஃபுளோரைடு ஏறிய எனாமல் (பல்லின் கடினமான மேலோடு) அமிலத்துக்கு எளிதில் அசையாது, உங்கள் பகுதிப் பிள்ளைகளுக்குக் கூடுதல் நேரம் தேவைப்படலாம். பிறகு பிசினை ஓடவிட்டு, நீல ஒளியில் 20 நொடி இறுகவைத்து, ஓரத்தைக் கூர்முனையால் சோதித்து, கடிக்கச் சொல்லிப் பார்ப்பார்கள்.

சீலன்ட் கழன்று விழுவதற்கு முதல் காரணம் எச்சில். அமிலம் கழுவிய பிறகு ஒரு சொட்டு எச்சில் பட்டாலும் பிசின் பிடிக்காது, திரும்ப முதலிலிருந்து செய்ய வேண்டும். எனவே உங்கள் மகனுக்கு என் வரிசை இது:

கீழ் வலது: இப்போதே பிசின் சீலன்ட். கீழ் இடது: ஈறு மடல் மூடியிருக்கும்வரை உலர்வாக வைக்க முடியாது. இப்போதைக்கு ஈரத்தைத் தாங்கும் கிளாஸ் அயனோமர் சிமென்ட்டால் மூடலாம். அது நீண்ட நாள் நிற்காது, ஆனால் ஆபத்தான மாதங்களைக் கடத்திவிடும். ஈறு விலகியதும் பிசின். மேல் பற்கள்: வெளிவரும்வரை வார்னிஷ்ஷும் கவனமான துலக்கலும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை சீலன்ட்டைப் பார்க்க வேண்டும். முழுதாகக் கழன்றதைவிட, ஒரு ஓரம் மட்டும் உடைந்து நிற்பது மோசம். அடியில் அழுக்கு சேர்வது வெளியே தெரியாது. இன்னொன்று: சீலன்ட் மேற்பரப்பை மட்டுமே காக்கும். பல்லுக்கும் பல்லுக்கும் இடையில் வரும் சொத்தையை அது தடுக்காது.

அடுத்து வார்னிஷ். வாயில் பூசுவதையும் வயிற்றுக்குள் போவதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பல் கறை வருவது, தாடைக்குள் எனாமல் உருவாகும் வயதில் மாதக்கணக்கில் விழுங்கிய ஃபுளோரைடால். வார்னிஷ் முளைத்துவிட்ட பல்லின் மேல் வேலை செய்கிறது, அமிலம் கரைத்த இடத்தில் கால்சியமும் பாஸ்பேட்டும் திரும்பப் படிய உதவுகிறது. 5% சோடியம் ஃபுளோரைடு, அதாவது 22,600 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு). எண் பயமுறுத்தும். ஆனால் ஒரு குழந்தைக்குப் பூசுவது 0.25 மி.லி., அதில் ஃபுளோரைடு சுமார் 5.6 மி.கி. அதுவும் எச்சில் பட்டதும் ஒட்டிக்கொண்டு மெதுவாகத்தான் கரையும். 20 கிலோ எடையுள்ள குழந்தையை உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச்செல்ல வேண்டிய அளவு, கிலோவுக்கு 5 மி.கி. வீதம், 100 மி.கி.

ஏற்கெனவே இரண்டு சொத்தை அடைத்த பிள்ளைக்கு ஆபத்து அதிகம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, சொத்தையின் தொடக்கமான வெள்ளைத் திட்டு புதிதாகத் தெரிந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூசலாம். பிள்ளைக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு அழைத்துச் செல்லுங்கள். பூசிய பிறகு நான்கு மணி நேரம் சூடானதும் முறுக்கு போன்ற கடினமானதும் வேண்டாம், அன்றிரவு துலக்கவும் வேண்டாம். பல் மஞ்சளாகத் தெரிந்தால் அது பூச்சுதான், மறுநாள் காலை துலக்கினால் போய்விடும். வார்னிஷ்ஷில் பைன் மரப்பிசின் உண்டு. பிசின் ஒவ்வாமையோ வாயில் புண்ணோ இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அச்சில் ஊற்றிக் கடிக்கவைக்கும் ஃபுளோரைடு ஜெல்லை ஆறு வயதுக்குக் கீழே நான் ஏற்பதில்லை, விழுங்கிவிடுவார்கள்.

நீர் ஆய்வகம்

தண்ணீர்ப் பக்கத்தை நான் சொல்கிறேன். உங்கள் கணக்கில் ஓட்டை இருப்பது அங்கேதான்.

இந்தியத் தரநிர்ணயம் ஃபுளோரைடுக்கு வைத்திருக்கும் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 1 மி.கி. வேறு நீராதாரமே இல்லாவிட்டால் 1.5 வரை. உங்கள் போர் 1.8. ஒரு குழந்தை தினம் 1 லிட்டர் குடித்தால் ஆறு மாதத்தில் உடலுக்குள் போவது சுமார் 324 மி.கி. மேலே மருத்துவர் சொன்ன வார்னிஷ் அதே ஆறு மாதத்துக்கு 5.6 மி.கி. பெரியவர்களிடம் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள்.

குடிக்க ஆர்.ஓ. என்றீர்கள், சமையலுக்கு போர். சோறு இழுத்துக்கொள்ளும் தண்ணீர், சாம்பார், ரசம், கஞ்சி, பால்பவுடர் கரைக்கும் வெந்நீர் எல்லாமே குடிநீர்தான். கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகி மிச்சத்தில் செறிவுதான் கூடும். மெழுகுவத்தி வடிகட்டியும் யு.வி. விளக்கும் ஃபுளோரைடைத் தொடாது. ஆர்.ஓ. எடுக்கும், ஆனால் பல கருவிகளில் சுவைக்காக மூலத்தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடும் திருகு ஒன்று இருக்கும். அதைத் திறந்து வைத்திருந்தால் போர் தண்ணீர் நேராகக் கலக்கிறது. டி.டி.எஸ். மீட்டர் தண்ணீரில் கரைந்த உப்புகளின் மொத்த அளவைத்தான் சொல்லும், ஃபுளோரைடைத் தனியாகக் காட்டாது. எனவே ஆர்.ஓ. குழாயிலிருந்து வரும் தண்ணீரையும் தனியாகப் பரிசோதியுங்கள்.

உப்புக் கரிக்காத, இனிப்பான தண்ணீர் நல்ல தண்ணீர் என்ற நம்பிக்கை நம் பக்கம் ஆழமாக இருக்கிறது. ஃபுளோரைடுக்குச் சுவையும் இல்லை, நிறமும் இல்லை. தண்ணீரில் கால்சியம் நிறைய இருந்தால் ஃபுளோரைடு அதனோடு சேர்ந்து படிந்துவிடும். கால்சியம் குறைந்த மென்னீரில்தான் அது கரைந்தபடி நிற்கும். பருப்பு சீக்கிரம் வேகும் தண்ணீர் என்று பெயர் வாங்கிய போரிலும் ஃபுளோரைடு அதிகம் இருக்கலாம்.

மாதிரி எடுக்க: மோட்டாரைச் சில நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரால் மூன்று முறை அலசிய பிளாஸ்டிக் புட்டியில் பிடியுங்கள், கண்ணாடிப் புட்டி வேண்டாம். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம். கோடையில் ஒருமுறை, மழைக்குப் பிறகு ஒருமுறை. ஒரே போரில் இரண்டு எண்ணும் வேறுபடும்.

ஒகேனக்கல் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடு மிகுவதால் பல்லுக்கும் எலும்புக்கும் வரும் பாதிப்பு) தணிப்புத் திட்டம் 2013 முதல் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரித் தண்ணீரைக் கொண்டுவருவது இதற்காகவே. வரும் நாளில் இரண்டு குடம் சமையலுக்கென்று தனியாகப் பிடித்து மூடி வையுங்கள். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ போர் தண்ணீர் போதும், தோல் வழியே உள்ளே போகாது.

பள்ளி நலச் செவிலி

பேஸ்டுக்கு வருகிறேன். ஃபுளோரைடு இல்லாத பேஸ்டுக்கு மாறாதீங்க. இரண்டு சொத்தை அடைத்த பிள்ளைக்குக் கையிலிருக்கிற கவசத்தைக் கழற்றின மாதிரி ஆகிடும். நம்ம நாட்டுச் சட்டப்படி பேஸ்ட்ல ஃபுளோரைடு 1000 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக் கூடாது. அளவையும் காலாவதித் தேதியையும் ட்யூப்லயே அச்சடிச்சிருக்கணும், படிச்சுப் பார்த்து வாங்குங்க.

மகனுக்கு 1000 பி.பி.எம். பேஸ்ட், பட்டாணி அளவு. அது சுமார் 0.25 கிராம், அதில் ஃபுளோரைடு 0.25 மி.கி. மகளுக்கு அரிசி மணி அளவு, 0.1 கிராம், பிரஷ்ஷில் சும்மா தடவின மாதிரி இருக்கணும். விளம்பரத்துல வர்ற மாதிரி பிரஷ் நீளத்துக்கும் அலை அலையா பிதுக்குறதுதான் தப்பு. பேஸ்ட்டைப் பெரியவங்க கையாலதான் வைக்கணும். ட்யூபைப் பிள்ளை கையில கொடுத்தா, பழ வாசனைக்கு உறிஞ்சிடும்.

துலக்கினதும் துப்பச் சொல்லுங்க, வாய் நிறையத் தண்ணி விட்டுக் கொப்பளிக்க விடாதீங்க. பல்லுல படிஞ்ச ஃபுளோரைடு அப்படியே கழுவிட்டுப் போயிடும்.

புதுப் பல்லுக்கு: பிள்ளையை நிக்கவெச்சு, நீங்க பின்னால நின்னு, தலையை உங்க வயித்துல சாய்ச்சுக்கிட்டு, ஒரு விரலால கன்னத்தை ஒதுக்குங்க. வாயை ரொம்பத் திறக்கச் சொன்னா கன்னம் இறுகி பிரஷ் போகாது, பாதி திறந்தாப் போதும். சின்னத் தலை பிரஷ்ஷை வாயோரத்துலேர்ந்து குறுக்கா வெச்சு அந்த ஒரு பல்லை மட்டும் பத்துத் தடவை தேய்ங்க. ஈறு மூடியிருக்கிற இடத்துல கொஞ்சம் ரத்தம் வந்தா நிறுத்தாதீங்க, அழுக்கு தங்கின வீக்கம்தான், தினம் தேய்ச்சா அடங்கும். ஏழு எட்டு வயசு வரைக்கும் ராத்திரித் துலக்கல் பெரியவங்க கையாலதான்.

அடைச்ச பால் கடைவாய்ப்பல் இரண்டுக்கும் நடுவுல நூல் விடணும். நாலஞ்சு வயசுல அந்தப் பற்கள் நெருங்கி ஒட்டிக்கும், பிரஷ் நுழையாது. பிடி வெச்ச பல்நூல் கிடைக்குது. ராத்திரி ஒரு தடவை, மெதுவா முன்னும் பின்னும் அசைச்சு இறக்குங்க. பாட்டி சொல்ற "விழற பல்"லுக்கும் பதில் இருக்கு: பால் கடைவாய்ப்பல் விழறது 10லேர்ந்து 12 வயசுல. முன்னாடியே பிடுங்கினா, இந்த ஆறு வயசுப் பல் முன்னால சரிஞ்சு, கீழேயிருந்து வர்ற பல்லுக்கு இடமில்லாமப் போயிடும்.

தின்பண்டத்துல எவ்வளவு என்கிறதைவிட எத்தனை தடவை என்கிறதைப் பாருங்க. இனிப்போ மாவோ வாயில பட்டா அமிலம் ஊறி, எச்சில் அதைச் சரிபண்ண அரை மணிக்கு மேல ஆகும். கடலைமிட்டாயைச் சாப்பாட்டோட கொடுத்தா ஒரு தடவை. பிஸ்கட் பாக்கெட்டைக் கையில கொடுத்து டி.வி. முன்னால உட்கார வெச்சா, ஒரு மணி நேரமும் அமிலம்தான். பல்லுல அப்பிக்கிற பிஸ்கட், சிப்ஸ் எல்லாம் மிட்டாய்க்குக் குறைஞ்சது இல்லை. பனங்கற்கண்டு, வெல்லம், தேன் எதுவும் பல்லுக்குச் சர்க்கரைதான்.

பாலக்கோடு அப்பா

மிக்க நன்றி. ஆர்.ஓ. கருவியில் அந்தத் திருகு திறந்தே இருந்தது, மூடிவிட்டேன். இன்னொரு சந்தேகம்: மகளின் மேல் முன்பற்களில் ஈறையொட்டி வெள்ளையாக ஒரு கோடு தெரிகிறது. இது ஃபுளோரைடு கறையின் தொடக்கமா? இரவில் பால் புட்டியோடுதான் தூங்குகிறாள்.

குழந்தைப் பல் மருத்துவர்

நேரில் பார்க்காமல் உறுதி சொல்ல முடியாது, ஆனால் நீங்கள் சொல்லும் இடமும் புட்டிப் பழக்கமும் சொத்தையின் முதல் படியையே காட்டுகின்றன. ஃபுளோரைடு கறை பெரும்பாலும் இரு பக்கமும் ஒரே மாதிரி, பல்லின் குறுக்கே மங்கலான கோடுகளாகப் பரவும், நிரந்தரப் பற்களில்தான் அதிகம். ஈறோரமாக, அழுக்குப் படிவுக்கு அடியில், பளபளப்பில்லாத சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தால் அது அமிலம் கரைத்த இடம். துணியால் துடைத்து உலர்த்திப் பாருங்கள், இன்னும் தெளிவாகத் தெரியும்.

பள்ளம் விழாதவரை இதைத் திருப்ப முடியும். இந்த வாரமே வார்னிஷ் பூசுங்கள், மூன்று மாதத்தில் மறுபடி. தூக்கத்தில் எச்சில் வற்றுவதால் புட்டிப் பால் மேல் முன்பற்களைச் சுற்றித் தேங்கி நிற்கிறது. கீழ்ப் பற்களை நாக்கு மூடிக்கொள்வதால் அவை தப்பிக்கும். பாலில் சர்க்கரை போடுவதை இன்றே நிறுத்துங்கள். பிறகு ஒவ்வொரு இரவும் பாலைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டி, ஒன்றிரண்டு வாரத்தில் வெறும் தண்ணீருக்குக் கொண்டுவாருங்கள். கலக்குவது ஆர்.ஓ. அல்லது ஒகேனக்கல் தண்ணீராக இருக்கட்டும். அவளுடைய நிரந்தர முன்பற்களுக்கு எனாமல் உருவாவது இந்த வயதில்தான். கடைசிப் பாலுக்குப் பிறகு அரிசி மணி பேஸ்டால் துலக்கிவிட்டுத் தூங்கவையுங்கள். வாரம் ஒருமுறை மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். வெள்ளை பழுப்பாக மாறினாலோ, நகம் வைத்தால் சொரசொரப்பாகத் தட்டுப்பட்டாலோ அடுத்த வார்னிஷ் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம்.