கண்டிஷனிங்: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

கோவை, திங்கள் காலை

அனைவருக்கும் வணக்கம். சிறிய நாய்களை அஜிலிட்டி போட்டிக்கு, அதாவது தடைகளைக் கடந்து ஓடும் போட்டிக்கு, தயார் செய்வது பற்றிய கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அஜிலிட்டிக்குத் 'தடைப்பாய்ச்சல்' என்று வைத்துவிட்டேன். அதை யாரும் கிளற வேண்டாம். இடறுவது 'கண்டிஷனிங்'. இரண்டாம் இயலில் அது நாயின் பின்னங்கால்களுக்கு வலுவேற்றுவது: பின்னோக்கி நடக்கவிடுவது, காற்றடைத்த திண்டின்மேல் நிற்கவைப்பது. நான்காம் இயலில் அதே சொல் பாவ்லோவ் சங்கதி: ஓசையையும் தீனியையும் சேர்த்துச் சேர்த்து நாயைப் பழக்குவது. பாடநூலில் உள்ள 'ஆக்கநிலையிறுத்தம்' நான்காம் இயலுக்குப் பொருந்துகிறது, வாய்க்குப் பொருந்தவில்லை. படிக்கப்போவது நாய் வளர்ப்பவர்கள். இரண்டுக்கும் பொதுவாக ஒரு சொல் கிடைக்குமா?

திருவையாறு, திங்கள்

கிளற வேண்டாம் என்று சொன்ன பிறகு எப்படிக் கிளறாமல் இருப்பது அம்மா? தடைப்பாய்ச்சல் குதிரைக்குரியது. "கதழ்வும் துனைவும் விரைவின் பொருள" என்று தொல்காப்பிய உரியியலில் இருக்கிறது. 'கதழாட்டம்' என்று வையுங்கள். இன்னொன்று: கையேட்டில் 'நாய்க்குட்டி' என்று எழுதியிருந்தால் திருத்திவிடுங்கள். "நாயே பன்றி புலிமுயல் நான்கும் ஆயுங் காலைக் குருளை என்ப" என்பது அதே நூலின் மரபியல்.

மதுரை, திங்கள்

ஐயா அந்த நூற்பாவோடு நிறுத்திக்கொண்டார். இரண்டு நூற்பா தள்ளி "குட்டியும் பறழும் கூற்றவண் வரையார்" என்று தொல்காப்பியரே விட்டுக்கொடுத்திருக்கிறார். நாய்க்குட்டி பிழைத்தது. கண்டிஷனிங்குக்குப் 'பதப்படுத்தல்' எப்படி?

நாமக்கல், திங்கள் இரவு

பதப்படுத்துவது தோலையும் மீனையும். 'உரமேற்றல்' என்று யாராவது சொல்வதற்கு முன் சொல்லிவிடுகிறேன், நாய்க்கு யூரியா போடுவதாக நினைப்பார்கள்.

கால்நடை மருத்துவன் என்ற முறையில் ஒன்று. பொதுச்சொல்லே வேண்டாம். எலும்பு முனைகளில் உள்ள வளர்தட்டுகள் மூடும்வரை நாயை முழு உயரத்துக்குத் தாண்டவிடக் கூடாது. பன்னாட்டு நாய்வளர்ப்புக் கூட்டமைப்பான எஃப்.சி.ஐ.யின் விதிப்படி 18 மாதம் நிறையாத நாய் போட்டியில் இறங்கவே முடியாது. ஆனால் ஓசைக்குப் பழக்குவதை இரண்டு மாதக் குட்டியிலேயே தொடங்கலாம், தொடங்கவும் வேண்டும். ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்தால், படிப்பவர் ஒன்று குட்டியைத் தாண்டவிட்டுக் காலைக் கெடுப்பார், அல்லது எல்லாவற்றையும் தள்ளிப்போட்டு நல்ல வயதை வீணாக்குவார். ஆங்கிலத்தின் சோம்பலை நாம் ஏன் கடன் வாங்க வேண்டும்?

பொள்ளாச்சி, செவ்வாய்

சோம்பல் இல்லை, டாக்டர். எங்கள் பக்கம் இளங்காளையை வண்டிக்கு 'வசக்குவார்கள்'. முதலில் வெறும் நுகத்தடி. பிறகு ஒரு கட்டையை இழுக்கவிடுவார்கள். அப்புறம் வெறும் வண்டி. பாரம் கடைசியில்தான். அதற்குள் கழுத்தும் உரம் பெறும், சக்கரச் சத்தத்துக்கு மிரள்வதும் போய்விடும். உடம்பு வேறு, மனம் வேறு என்று எந்தக் காளையும் பிரித்துப் பழகியதில்லை. 'வசக்கல்' என்று வையுங்கள்.

திருவையாறு, செவ்வாய்

நல்ல சொல்தான். ஆனால் 'வசம்' வடசொல் ஆயிற்றே.

பொள்ளாச்சி, செவ்வாய்

வசத்திலிருந்து வரவில்லை ஐயா, 'வயக்கு' என்பதிலிருந்து வந்தது. உயரம் உசரம் ஆனதுபோல, அயர்தல் அசர்தல் ஆனதுபோல வயக்குதல் வசக்குதல் ஆயிற்று. தரிசு நிலத்தை வயக்கி உழுவதும் இதே சொல்தான்.

(இதற்குப் பிறகு ய–ச திரிபு பற்றி ஒன்பது மடல்கள். வயக்குக்கும் வயலுக்கும் உறவு உண்டா என்பதில் நான்கு. நாய் எங்கும் தென்படவில்லை. கோவை)

லண்டன், புதன்

இலங்கையில் நாங்கள் உளவியலில் படித்தது 'நிபந்தனைப்படுத்தல்'. அதுவும் வடசொல் என்று ஐயா சொல்லப்போகிறார், தெரியும். கூடவே, நாய் ஏதோ உடன்படிக்கையில் கையெழுத்திட்டது போலவும் ஒலிக்கிறது. அதனால் வற்புறுத்தவில்லை.

குதிரை பற்றிய குற்றச்சாட்டுக்கு ஒரு பதில்: இந்த விளையாட்டை 1978இல் இங்கே கிரஃப்ட்ஸ் நாய்க்கண்காட்சியில் முதன்முதல் காட்டியபோது, குதிரைகளின் தடைதாண்டலைப் பார்த்துத்தான் அமைத்தார்கள். தடைப்பாய்ச்சல் இருக்கட்டும்.

என்னிடம் ஜாக் ரசல் வகைச் சிறுநாய் ஒன்று இருக்கிறது, பெயர் மிளகு. ஆறு கிலோ, தோள் உயரம் 31 சென்டிமீட்டர். 35க்குக் கீழ் என்பதால் சிறிய பிரிவு. அவளுக்குத் தாண்டல் ஒரு பொருட்டே இல்லை. பயமெல்லாம் ஏற்ற இறக்கப் பலகையில். 12 அடிப் பலகை. பெரிய நாய் நடுவைக் கடந்ததும் அதன் எடைக்கே சாய்ந்துவிடும். மிளகு ஏறக்குறைய நுனிவரை நடந்து, அந்தரத்தில் நின்று, பலகை இறங்கக் காத்திருக்க வேண்டும். பிறகு 'டமார்'. பயந்து முன்கூட்டியே குதித்தால் நுனியிலுள்ள மஞ்சள் பகுதியில் கால் படாமல் போகும், ஐந்து பிழைப்புள்ளி.

ஒரு பலகைத் துண்டை வரவேற்பறைக் கம்பளத்தின்மேல் மெதுவாகத் தட்டுவேன், உடனே ஒரு துண்டு பாலாடைக்கட்டி. மறுநாள் கொஞ்சம் பலமாக. பிறகு கம்பளம் இல்லாமல். மூன்றாவது வாரம் பலகையைப் போட்டால் அவள் பலகையைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தாள். திண்டின்மேல் நிற்கவைத்த பயிற்சியில் இப்படி ஒன்று நடக்கவில்லை. அங்கே தொடைதான் இறுகியது. டாக்டர் சொல்வது சரி, இவை இரண்டு வேலைகள்.

மதுரை, புதன்

அப்படியானால் நான்காம் இயலுக்கு 'இணைத்துப் பழக்கல்'. ஓசையையும் தீனியையும் இணைக்கிறோம் என்பது சொல்லிலேயே வந்துவிடுகிறது. இரண்டாம் இயலுக்கு வெறும் 'உடலுறுதிப் பயிற்சி'. புதுச்சொல் எதுவும் தேவையில்லை.

நாமக்கல், புதன்

ஆம்.

லண்டன், வியாழன்

எனக்கும் சம்மதம்.

திருவையாறு, வியாழன்

'இணைத்துப் பழக்கல்' சொல் அன்று, சொற்றொடர். ஆனால் தமிழ்; ஆகவே எதிர்க்கவில்லை.

பொள்ளாச்சி, வியாழன்

நான் எதிர்க்கிறேன். ஊரில் ஒரு சொல் உயிரோடு இருக்கும்போது அதை விட்டுவிட்டு இரண்டு தொடர்களைக் கட்டுகிறோம். கம்பளத்தில் மெதுவாக, பிறகு பலமாக, பிறகு கம்பளம் இல்லாமல் என்று லண்டன் அக்கா செய்ததற்குப் பெயர் என்ன? வெறும் நுகத்தடி, கட்டை, வெறும் வண்டி. அது வசக்கல்தான்.

கோவை, வெள்ளி காலை

எல்லோருக்கும் நன்றி. பெரும்பான்மைப்படி இரண்டு சொற்களாகப் பிரித்துவிட்டேன். நான்காம் இயலின் முதல் பத்தியில் மட்டும் "காளையை வசக்குவதுபோல" என்று ஒரு உவமை சேர்த்திருக்கிறேன், பொள்ளாச்சி ஐயாவுக்காக. 12 கம்பங்களுக்கு நடுவே நாய் வளைந்து வளைந்து ஓடுகிறதே, அதற்கு 'ஊடுகம்பம்' என்று நானே வைத்துக்கொண்டேன். கோப்பை அனுப்பியாயிற்று.

திருவையாறு, வெள்ளி

கம்பமா? அது 'ஸ்கம்ப' அல்லவா? 'கழி' என்று ஒரு சொல் இருக்கிறதே அம்மா, அச்சகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு விடுக்க முடியாதா?