சோக்கைத் திறந்தால் ஜெனரேட்டர் நின்றுவிடுகிறது

வேதாரண்யத்தான்:
கஜா புயலுக்குப் பிறகு வாங்கிய 2 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர். ஐப்பசி மழைக்கு முன் ஓட்டிப் பார்க்கலாம் என்று வெளியே எடுத்தேன். சோக் போட்டுக் கயிறு இழுத்தால் உடனே பிடித்துக்கொள்கிறது. சோக்கை முழுதாகத் திறந்ததும் திணறி நின்றுவிடுகிறது. பாதி சோக்கில் ஓடுகிறது, ஆனால் சத்தம் ஏறி ஏறி இறங்குகிறது. பிளக் புதுசு, ஏர் ஃபில்டரும் சுத்தம். டேங்கில் இருப்பது போன கோடையில் ஊற்றிய பெட்ரோல். என்ன பார்க்க வேண்டும்?

கடைத்தெரு:
ஆயில் பாருங்க சார். குறைந்தால் சென்சாரே நிறுத்திவிடும். எனக்கு அப்படித்தான் ஆச்சு.

பழைய மெக்கானிக்:
ஆயில் பார்ப்பது நல்லதுதான், ஆனால் இது அது இல்லை. சென்சார் நிறுத்தினால் சுவிட்சை அணைத்த மாதிரி பட்டென்று நிற்கும். திணறி நின்றால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். சோக் காற்றைக் குறைப்பதால் சமாளித்து ஓடுகிறது, அவ்வளவுதான்.

போன கோடைப் பெட்ரோல் என்றதுமே எனக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் மேல்தான் சந்தேகம். இப்போது பங்க்கில் போடுவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, ஈரத்தை இழுக்கும். பெட்ரோல் ஆவியானபின் மிஞ்சும் பிசின், பெட்ரோல் வரும் சிறு துளையுள்ள ஜெட்டை அடைக்கும்.

பாதி சோக்கில் ஓடும்போது 500 வாட்ஸ் லோடு கொடுங்கள், அதாவது அந்த அளவு மின்சாரம் இழுக்கும் சாதனத்தை மாட்டுங்கள். ஏற்ற இறக்கம் அடங்கினால், லோடு இல்லாதபோது பெட்ரோல் கொடுக்கும் ஸ்லோ ஜெட் அடைப்பு. லோடு கொடுத்ததும் படுத்துக்கொண்டால், லோடில் பெட்ரோல் கொடுக்கும் மெயின் ஜெட் அடைப்பு. எப்படியும் இரண்டையும் கழற்றிவிடுங்கள். எஞ்சின் ஆறிய பிறகு பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டர் கிண்ணத்தின் அடி போல்ட்டைக் கழற்றுங்கள். பெரும்பாலும் 10 எம்எம். மெயின் ஜெட் நடுத்தண்டுக்குள் இருக்கும். ஸ்லோ ஜெட் பல மாடல்களில் ஐடில் ஸ்குரூவுக்கு அடியில். கார்ப் கிளீனர் அடித்து, வயரிலிருந்து ஒரே ஒரு செம்புக் கம்பியை உருவி உள்ளே விடுங்கள். ஊசியால் குத்தாதீர்கள், துளை பெரிசானால் அப்புறம் பெட்ரோலைக் குடித்துக்கொண்டே இருக்கும்.

வேதாரண்யத்தான்:
அண்ணே, லோடு போட்டதும் அடங்கியது. கிண்ணத்தின் அடியில் வெள்ளையாக மாவு மாதிரி படிந்திருந்தது. ஸ்லோ ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்தால் துளையே தெரியவில்லை. கிளீனர் அடித்து, புதுப் பெட்ரோல் ஊற்றினேன். சோக் இல்லாமல் சீராக ஓடுகிறது. மழையில் திண்ணையில் வைத்து ஓட்டலாமா?

பழைய மெக்கானிக்:
திண்ணை வேண்டவே வேண்டாம் தம்பி. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஜன்னல் வழியாக உள்ளே வந்தால் தூங்குகிறவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். வீட்டைவிட்டு 20 அடியாவது தள்ளி, சைலன்சர் வெளிப்பக்கம் பார்க்க, மேலே தகரம் மட்டும் போட்டு நாலு பக்கமும் திறந்து வையுங்கள். நீளமான, தடித்த வயர் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைத்தெரு:
அண்ணே, மழைக்காலம் முடிந்து மூட்டை கட்டும்போது?

பழைய மெக்கானிக்:
டேங்கைக் காலி செய்யுங்கள். டேப்பை மூடிவிட்டு, தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். கிண்ணம் காய்ந்துவிடும். நடுவில் மாதம் ஒருமுறை கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி ஒரு கால்மணி நேரம் லோடோடு ஓட்டி, மறுபடி இப்படியே காலி செய்யுங்கள், வெறுமனே ஓட்டினால் பிரயோஜனம் இல்லை.